முடிவே இல்லாத விளையாட்டு



மஃரிபுக்குப் பாங்கு சொல்லியாயிற்று. மேசையில் ஊற்றி வைத்த தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது. முன்னறைக் கதிரையில் சாய்ந்து கிடக்கும் மகனை மூன்றாவது தடவையாகக் கூப்பிடுகிறீர்கள். "இந்தா உம்மா, அஞ்சு நிமிஷம்" என்று பதில் வருகிறது. ஆனால் கண் மட்டும் கையிலுள்ள தொலைபேசியை விட்டு உயரவில்லை. ஐந்து நிமிடம் பதினைந்து நிமிடமாகிறது. பொறுமை போய் நீங்கள் அதைப் பறிக்கிறீர்கள். அவன் சத்தம் போடுகிறான். சில வேளை அதைவிட மோசமாக, ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொள்கிறான்.

இக்காட்சி நடக்காத வீடுகள் இன்று மிகக் குறைவு.

எனக்குத் தெரிந்த ஒரு தாய் ஒரு நாள் பின்னேரம் வீட்டுக்கு வந்து நெடுநேரம் அழுதார். "ராத்தா, புள்ள வீட்டுலதான் இரிக்கிறான். ஆனா என்னோட இல்ல" என்றார். பதின்மூன்று வயது மகன். நல்ல பிள்ளை. "அவன் என்ன விளையாடுகிறான்?" என்று கேட்டேன். "என்னமோ சுடுற விளையாட்டாம்" என்றார். "ஓர் ஆட்டம் எவ்வளவு நேரம்? எப்படி முடியும்? யாரோடு விளையாடுகிறான்?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

அந்தத் தாய்க்குத் தன் மகனைப் பற்றித் தெரியாத வேறு எதுவுமே இல்லை. எந்தக் கறி பிடிக்கும், எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறான், எந்தச் சிநேகிதனோடு கோபம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் அவன் ஒரு நாளில் மூன்று மணித்தியாலம் வாழ்கின்ற அந்த ஓர் இடத்தின் வாசற்படியைக்கூட அவர் மிதித்ததில்லை.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம்மில் பலர் இப்படித்தான் இருக்கிறோம். ஆகவே அந்த இடத்துக்குள் ஒரு தடவை சேர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வருவோம். போனால் ஓர் உண்மை தெரியவரும். பிள்ளைகளின் ஆசை மாறவில்லை, விளையாட்டுத்தான் மாறியிருக்கிறது. முன்பு விளையாட்டுக்கு ஒரு முடிவு இருந்தது. அந்த முடிவை யாரோ, காரணத்தோடு, எடுத்துவிட்டார்கள்.

விளையாட்டு பாவமல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். இஸ்லாம் விளையாட்டை வெறுக்கின்ற மார்க்கமன்று. ஆயிஷா (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் வீட்டில் பொம்மைகளை வைத்து விளையாடியதையும், தோழிகள் வந்து சேர்ந்து விளையாடியதையும் ஹதீஸ்களில் காண்கிறோம். நபியவர்கள் அவரோடு ஓட்டப் போட்டி வைத்ததையும் அறிவோம்.

இன்னொரு சம்பவம் புஹாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. பெருநாள் ஒன்றில் அபிஸீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டுக் காட்டினார்கள். ஆயிஷா (ரழி) அவர்களுக்கு அதைப் பார்க்க ஆசை. நபி (ஸல்) அவர்கள் அவரைத் தமக்குப் பின்னால் நிறுத்தி, தோளுக்கு மேலால் பார்க்க விட்டார்கள். போதும் என்று அவராகச் சொல்லும் வரை நபியவர்களும் அங்கேயே நின்றார்கள். ஓர் இளம் பெண்ணுக்கு விளையாட்டில் எவ்வளவு ஆசை இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள் என்று பிற்காலத்தில் அவர்களே எடுத்துக் கூறியிருக்கிறார்கள்.

இச்சம்பவத்தில் இரண்டு விடயங்கள் இருக்கின்றன. ஆசை மதிக்கப்பட்டது. கூடவே ஒருவர் பக்கத்தில் நின்றார். இந்த இரண்டாவது விடயத்தை மனதில் வைத்திருங்கள். கடைசியில் அதற்குத் திரும்பி வருவோம்.

காசு விழுந்த பெட்டி

வீடியோ விளையாட்டு வியாபாரமாகத் தொடங்கியது வீட்டிலல்ல, பொது இடத்தில். 1972 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அட்டாரி என்ற புதிய கம்பனி 'பொங்' எனும் விளையாட்டுப் பெட்டியைச் செய்தது. திரையில் இரண்டு கோடுகள், நடுவில் ஒரு புள்ளி. மேசைப் பந்து போல அந்தப் புள்ளியை அடிக்க வேண்டும். அவ்வளவுதான். ஸன்னிவேல் என்ற ஊரில் ஒரு மதுச்சாலையில் முதலாவது பெட்டியை வைத்தார்கள். சில நாட்களில் பெட்டி வேலை செய்யவில்லை என்று முறைப்பாடு வந்தது. பொறியியலாளர் போய்த் திறந்து பார்த்தபோது பழுது ஒன்றுமில்லை. காசு விழும் பாத்திரம் நிரம்பி வழிந்து, மேலே காசு போட இடமில்லாமல் போயிருந்தது.

அந்தக் காலத்துப் பெட்டிகள் காசு தின்பவை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கால் டொலர் நாணயம் ஒன்று. ஆட்டம் சீக்கிரம் முடிந்தால்தான் அடுத்த நாணயம் விழும். ஆகவே வேண்டுமென்றே கடினமாக அமைத்தார்கள். ஆனால் அதில் ஒரு நேர்மையும் இருந்தது. பையிலிருந்து காசு போவதைப் பிள்ளை கையால் உணர்ந்தான். காசு தீர்ந்தால் வீட்டுக்குப் போனான்.

ஒரு தடவை வாங்கினால் போதும்

இரண்டாவது காலம் ஜப்பானில் பிறந்தது. கியோட்டோ நகரில் 1889 ஆம் ஆண்டு பூப்படம் போட்ட விளையாட்டுச் சீட்டுகளைச் செய்யத் தொடங்கிய சிறு நிறுவனம் நின்டென்டோ. 1965 இல் அங்கே இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தவர் குன்பெய் யோகோய். கைவேலை தெரிந்த மனிதர். ஓய்வு நேரத்தில் தன் விருப்பத்துக்குச் செய்த, நீண்டு மடங்கும் ஒரு பொம்மைக் கையை முதலாளி கண்டார். அது விற்பனைக்கு வந்து பெரு வெற்றி பெற்றது. இயந்திரம் பார்த்தவர் பொம்மை செய்பவரானார்.

ஒரு நாள் அதிவேக ரயிலில் போகும்போது, வேலைக்களைப்போடு இருந்த ஒருவர் பொழுது போகாமல் கணக்குப் பார்க்கும் கல்குலேட்டரின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருப்பதை யோகோய் கண்டார். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு விளையாட்டு ஏன் இருக்கக் கூடாது என்று எண்ணினார். 1980 இல் மணிக்கூட்டோடு சேர்ந்த கையடக்க விளையாட்டுக் கருவி பிறந்தது. 1989 ஏப்ரலில் 'கேம் போய்' வந்தது. அதற்கு வர்ணத் திரை இல்லை. பாசிப் பச்சைத் திரையில் நான்கு சாயல்கள் மட்டும். புதிய, விலை கூடிய தொழில்நுட்பத்தைத் துரத்தாமல், பழகிப் போன மலிவான பொருளைப் புதிய விதமாகப் பயன்படுத்த வேண்டும் என்பதே யோகோயின் கொள்கை. கேம் போய்க் கருவியும் அதன் வர்ணத் தம்பியும் சேர்ந்து உலகெங்கும் 11 கோடிக்கு மேல் விற்பனையாகின.

அமெரிக்காவில் கேம் போயோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட விளையாட்டு 'டெட்ரிஸ்'. மொஸ்கோவில் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்தில் வேலை செய்த அலெக்ஸி பஜித்னோவ் 1984 இல் ஆக்கியது. அவரது கணினியில் படம் வரையும் வசதிகூட இருக்கவில்லை. அடைப்புக்குறிகளைச் சேர்த்துத்தான் சதுரங்களைக் காட்டினார். நான்கு சதுரங்களால் ஆன ஏழு வடிவங்கள் மேலிருந்து விழும். இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். வீட்டில் அலுமாரியை அடுக்கிப் பழகிய நமக்கு இதன் இன்பம் உடனே விளங்கும்.

டெட்ரிஸுக்கு முடிவில்லை, வடிவங்கள் விழுந்துகொண்டே இருக்கும் என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள். ஆனால் வேகம் கூடிக் கூடி, கடைசியில் யாரும் தோற்றுத்தான் ஆக வேண்டும். 2023 டிசெம்பரில் 13 வயதான ஓர் அமெரிக்கச் சிறுவன், 1989 இல் வெளிவந்த அதன் பழைய பதிப்பை, இயந்திரமே மேற்கொண்டு ஓட முடியாமல் உறைந்து நிற்கும் வரை விளையாடினான். பெட்டிக்கும் ஓர் எல்லை இருந்தது என்பதை அந்தப் பிள்ளை காட்டினான்.

இந்தக் காலத்து விளையாட்டுகளைக் கடையில் ஒரு தடவை காசு கொடுத்து வாங்கினார்கள். அதன் பிறகு அது உங்களிடம் எதுவும் கேட்காது. 1985 இல் வந்த 'சுப்பர் மாரியோ' வில் எட்டு உலகங்கள் இருந்தன. எட்டாவதைத் தாண்டினால் கதை முடிந்தது. கம்பனிக்குக் கிடைக்க வேண்டிய காசு முதல் நாளே கிடைத்துவிட்டதால், பிள்ளையை இரவு பன்னிரண்டு மணி வரை பிடித்து வைப்பதில் அதற்கு இலாபம் இல்லை. இதுதான் முக்கியம்.

இலவசம் என்ற சொல்

மூன்றாவது காலம் கைத்தொலைபேசியோடு வந்தது. 2009 ஆம் ஆண்டளவில், விளையாட்டை இலவசமாகக் கொடுத்துவிட்டு உள்ளே பொருட்களை விற்கும் வழி திறந்தது. சகோதரிகளே, கடையில் ஒருவர் சும்மா ஒரு பொருளைத் தந்தால் நாம் என்ன செய்வோம்? "ஏன் சும்மா தருகிறார்?" என்று ஒரு கணம் யோசிப்போம். தொலைபேசியில் மட்டும் யோசிக்காமல் வாங்கிக் கொள்கிறோம்.

காசு விழுந்த பெட்டி திரும்பி வந்துவிட்டது. காசு போடும் துளைதான் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஓர் உதாரணம் பாருங்கள். 2012 இல் தொலைபேசிகளுக்கு வந்த 'கேண்டி க்ரஷ்' நம்மில் பல பெண்களும் விளையாடியதுதான். அதில் உங்களுக்கு ஐந்து உயிர்கள். ஒவ்வொரு தோல்விக்கும் ஒன்று போகும். போன உயிர் திரும்பி வர அரை மணித்தியாலம். காத்திருக்கலாம், சிநேகிதியிடம் கேட்கலாம், காசு கொடுக்கலாம். அந்த அரை மணித்தியாலம் தற்செயலாக வைத்ததல்ல. மறப்பதற்குப் போதாத, பொறுப்பதற்குக் கூடின நேரம் அது.

இதன் பின்னால் ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களைப் பெட்டியில் வைத்து, விசையைக் கொத்தினால் தீனி விழும்படி செய்தார். ஒவ்வொரு கொத்துக்கும் தீனி கிடைக்கும் புறா, தீனி நின்றதும் கொஞ்ச நேரத்தில் கொத்துவதை விட்டுவிடும். எந்தக் கொத்துக்குக் கிடைக்கும் என்று தெரியாத புறாவோ விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. சூதாட்ட இயந்திரம் இதே விதியில்தான் ஓடுகிறது. இன்றைய விளையாட்டுகள் பலவற்றில் காசு கொடுத்து வாங்கும் 'அதிர்ஷ்டப் பெட்டி' உம் அப்படித்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்தால்தான் தெரியும். நல்லது வந்தால் இன்னொன்று, வராவிட்டாலும் இன்னொன்று.

2018 ஏப்ரலில் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணைக்குழு, காசு கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகள் சூதாட்டமே என்று முடிவு செய்தது. பிரபலமான உதைபந்தாட்ட விளையாட்டு ஒன்றின் கம்பனியும் அடுத்த ஆண்டு ஜனவரியில் அந்நாட்டில் அதற்கான நாணய விற்பனையை நிறுத்தியது.

அந்த நாடு சட்டப் புத்தகத்தைப் புரட்டி எடுத்த முடிவு இது. நமக்கோ ஸூரா அல்-மாஇதாவின் 90 ஆம் வசனம் இருக்கிறது. மதுவோடு சேர்த்து மைஸிர் எனும் சூதாட்டத்தையும் அது தடுக்கிறது. ஜாஹிலிய்யாக் கால அரபிகள் ஒட்டகத்தை அறுத்து, அம்புகளைக் குலுக்கி எடுத்து, யாருக்கு எந்தப் பங்கு என்று பார்த்தார்கள். இன்று பிள்ளை பெருவிரலால் ஒரு பெட்டியைத் தட்டித் திறந்து பார்க்கிறான். ஒவ்வொரு விளையாட்டும் எந்தச் சட்டத்தில் அடங்கும் என்பதை உலமாக்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் கேள்வி கேட்பதற்காவது, பிள்ளையின் கையில் அப்படி ஒரு பெட்டி இருக்கிறதா என்று தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காசு போவதற்கு இன்னொரு வழியும் உண்டு. 2014 ஜனவரியில் அப்பிள் கம்பனி, பெற்றோரின் அனுமதியின்றிப் பிள்ளைகள் விளையாட்டுகளுக்குள் வாங்கியவற்றுக்காக ஆகக் குறைந்தது 3 கோடியே 25 இலட்சம் டொலரைத் திருப்பிக் கொடுக்க அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவோடு உடன்பட்டது. நடந்தது என்ன தெரியுமா? தாய் ஒரு தடவை இரகசியச் சொல்லை அடித்தால், அடுத்த 15 நிமிடங்களுக்கு மீண்டும் கேட்காமலே எத்தனை பொருளையும் வாங்கலாம் என்றிருந்தது. அது தாய்மாருக்குச் சொல்லப்படவில்லை. 2022 டிசெம்பரில் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டின் கம்பனி மொத்தம் 52 கோடி டொலர் கொடுக்க உடன்பட்டது. தெரியாமல் ஒரு பொத்தானில் விரல் பட்டாலே காசு கழியும்படி திரையை அமைத்தது ஒரு குற்றச்சாட்டு. முன்பின் தெரியாதவர்களோடு சிறுவர்கள் பேசும் வசதியை, கேட்காமலே திறந்து வைத்திருந்தது இன்னொரு குற்றச்சாட்டு.

உங்கள் பிள்ளை மட்டும் பலவீனமானவன் என்று நினைத்து மனம் நோகாதீர்கள். படித்த பெரியவர்கள் பலர் சேர்ந்து, ஒரு சிறுவனின் விரல் நிற்காமலிருக்க வழி கண்டிருக்கிறார்கள். அவர்களோடு தனியாக மோதுவதற்கு அவனை விட்டுவிட்டு, "உனக்குக் கட்டுப்பாடு இல்லை" என்று நாம் ஏசுகிறோம்.

ஒரு மனைவியின் முகம் மாறியபோது

விளையாட்டைப் போலவே கேட்கும் கருவிகளிலும் இதே கதைதான். இசை பற்றிய மார்க்கச் சட்டத்தைப் பேச இங்கே வரவில்லை. கிராஅத்தானாலும் பயானானாலும் அதே கருவியில்தான் கேட்கிறோம். ஆகவே கருவியைப் பற்றிப் பேசலாம்.

1979 ஜூலையில் சோனி கம்பனி முதலாவது வோக்மன் கருவியை விற்பனைக்கு விட்டது. அதில் காதுக்கருவி செருக ஒரு துளைக்குப் பதிலாக இரண்டு துளைகள் இருந்தன. ஏன் இரண்டு? சோனியின் தலைவர் அகியோ மொரிட்டா அதற்கான காரணத்தைப் பின்னர் எழுதியிருக்கிறார். மாதிரிக் கருவியை வீட்டுக்குக் கொண்டு போய்க் காதில் மாட்டிக் கேட்டபோது, தான் ஒதுக்கப்பட்டதாக உணர்ந்த மனைவியின் முகம் மாறியதாம். ஆகவே இருவர் சேர்ந்து கேட்க இரண்டாவது துளையும், கேட்கும்போதே ஒருவரோடொருவர் பேச ஒரு செம்மஞ்சள் நிறப் பொத்தானும் வைத்தார்கள். ஆனால் வாங்கியவர்கள் தனியாகவே கேட்டார்கள். பின்வந்த கருவிகளில் அந்தப் பொத்தானும் இரண்டாவது துளையும் மறைந்தன.

இந்தக் கம்பனிகளின் கதைகளில் என் மனதில் அதிகமாகத் தைத்தது இதுதான். தன் காதை அடைத்துக்கொண்டு ஒருவர் பக்கத்தில் இருப்பது எப்படி இருக்கும் என்பதை முதல் நாளே கண்டுபிடித்தவர் ஒரு வீட்டுப் பெண்.

அதன் பிறகு வந்தது வேகமாக வந்தது. ஜேர்மனியின் எர்லாங்கன் நகரில், மனிதக் காதுக்குப் புலப்படாத ஒலிகளை நீக்கி ஒலிப்பதிவைப் பத்தில் ஒன்றளவுக்குச் சுருக்கும் முறையைக் கண்டார்கள். 1995 இல் அதற்கு எம்பி3 என்ற பெயர் நிலைத்தது. 2001 ஒக்டோபரில் ஆயிரம் பாடல்களைச் சட்டைப் பைக்குள் அடக்கும் ஐபொட் அறிமுகமானது. முப்பது ஜுஸுவும் ஓதிய கிராஅத் முழுவதும் விரலளவு கருவியில் அடங்குவதும் இந்த முறையால்தான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கெசட் காலத்தில் ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் 'டக்' என்று பொத்தான் மேலே எழும்பும். எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். அந்த 'டக்' சத்தத்தில் எத்தனை பேர் "சரி, போதும்" என்று வேலைக்குத் திரும்பியிருப்போம்! இன்று ஒன்று முடியுமுன்னே அடுத்தது தானாகத் தொடங்குகிறது. போதும் என்று சொல்ல ஓர் இடைவெளியே இல்லை.

சட்டம் போட்டுப் பார்த்த நாடுகள்

தென் கொரியா 2011 இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை 16 வயதுக்குட்பட்டோர் இணைய விளையாட்டு விளையாட முடியாது. பிள்ளைகளில் சிலர் பெற்றோரின் அடையாள இலக்கத்தைக் கொடுத்து உள்ளே போனார்கள். சட்டம் தொடாத கைத்தொலைபேசிக்கு விளையாட்டும் மாறியது. பத்து ஆண்டுகளுக்குப் பின் அச்சட்டத்தைக் கைவிட்டார்கள். சீனா 2021 செப்டெம்பர் முதல் இன்னும் கடுமையாக, வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 மணி வரை மட்டும் என்று 18 வயதுக்குட்பட்டோருக்கு விதித்தது.

உலக சுகாதார நிறுவனமும் 2019 இல் விளையாட்டு அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்கான அளவுகோலைக் கவனியுங்கள். நிறுத்த முடியாத நிலை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டே முக்கியமாகிப் போவது, தீங்கு தெரிந்தும் தொடர்வது ஆகியவை, படிப்பும் குடும்ப உறவும் குலையும் அளவுக்கு, பொதுவாக 12 மாதமளவு நீடிக்க வேண்டும். விளையாடுபவர்களில் சிறு தொகையினரே இதில் அடங்குவர் என்றும் அந்நிறுவனம் கூறுகிறது. அப்படியான அறிகுறி இருந்தால் வைத்தியரிடம் போக வெட்கப்படாதீர்கள். மற்றப்படி, விடுமுறையில் இரண்டு மணித்தியாலம் விளையாடும் பிள்ளையை நோயாளி என்று அழைத்து அவன் மனதை உடைக்காதீர்கள்.

வீட்டில் நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, கேளுங்கள். ஏசுவதற்காக அல்ல, அறிவதற்காக. "மகன், இது எப்படி விளையாடுறது? எனக்கும் ஒருக்காச் சொல்லித் தாங்க" என்று பக்கத்தில் உட்காருங்கள். பத்து நிமிடம் விளையாடித் தோற்றுப் போங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். இந்த விளையாட்டுக்கு முடிவு இருக்கிறதா? இது காசு கேட்கிறதா. கேட்டால் வாங்கும் பொருள் என்னவென்று முன்கூட்டியே காட்டுகிறதா? மறுபக்கத்தில் பேசுபவர் யார்?

இரண்டாவது, ஆட்டத்தின் நீளத்தை அறிந்து பேசுங்கள். இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தை இடைநடுவில் நிறுத்தி வைக்க முடியாது. நீங்கள் பறிக்கும் அந்தக் கணத்தில் அவன் தன் கூட்டாளிகளை நட்டாற்றில் விட்டுவிட்டு வருகிறான். அவனுடைய கோபத்தின் பாதி அதுதான். பாங்குக்குக் கால் மணித்தியாலத்துக்கு முன்பே "புது ஆட்டம் தொடங்க வேணாம், மகன்" என்று சொல்லுங்கள். இடையில் பறிப்பதைவிடத் தொடங்காமல் தடுப்பது இலகு.

மூன்றாவது, பிள்ளை பாவிக்கும் தொலைபேசியில் வங்கி அட்டையின் இலக்கத்தைப் பதிந்து வைக்காதீர்கள். எதை வாங்கினாலும் ஒவ்வொரு தடவையும் இரகசியச் சொல் கேட்கும்படி மாற்றி வைக்கலாம். உங்களுக்குத் தெரியாவிட்டால் வாப்பாவையோ மூத்த பிள்ளையையோ கொண்டு செய்வியுங்கள். அந்தச் சொல்லைப் பிள்ளை பார்க்க அடிக்காதீர்கள்.

நான்காவது, முடிவுள்ள விளையாட்டை வீட்டுக்குள் கொண்டு வாருங்கள். கெரம் பலகை ஒன்று, மைதானத்தில் ஒரு பந்து, ஒரு தடவை வாங்கி விளையாடி முடிக்கக்கூடிய விளையாட்டு ஒன்று. எதை எடுப்பதென்றால், கதை முடிகின்ற ஒன்றை எடுங்கள்.

ஐந்தாவதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. நமது கையையும் பார்ப்போம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, கீழே கீழே தள்ளத் தள்ள முடியாத படங்களைப் பார்த்துப் பால் பொங்கி வழிந்த அனுபவம் எத்தனை பேருக்கு? பிள்ளை கதை சொல்ல வரும்போது "ம்... ம்..." என்று திரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னதில்லையா? அவனும் அந்த நேரம் அந்த ஜப்பானிய மனைவியைப் போல ஒதுக்கப்பட்டுத்தான் நின்றான்.

நமது நாளுக்கு ஐந்து நிறுத்தங்கள்

சகோதரிகளே, இந்த மூன்றாவது காலத்தின் இயந்திரத்தில் இல்லாத ஒன்று நமது வீட்டில் இருக்கிறது. முடிவு. ஒரு நாளில் ஐந்து தடவை, இருக்கும் வேலையை வைத்துவிட்டு எழுந்திருக்கச் சொல்லி அழைப்பு வருகிறது. வியாபாரி கடையை வைத்துவிட்டு எழும்புகிறார். நாம் அடுப்பைக் குறைத்துவிட்டு எழும்புகிறோம். தொழுகை அல்லாஹ்வுக்கான கடமை. அதோடு, "இத்தோடு போதும்" என்று சொல்லி எழும்பும் பயிற்சியும் அதற்குள் இருக்கிறது. காலத்தின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் ஸூரா அல்-அஸ்ரைச் சிறு வயதிலேயே பிள்ளைகளுக்கு மனனம் செய்யக் கொடுக்கிறோம். அதன் பொருளை இந்தத் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கும் காலம் இது.

பாங்கு சத்தத்தை, தொலைபேசியைப் பறிக்க வரும் எதிரியின் சத்தமாகப் பிள்ளை கேட்கக் கூடாது. ஆட்டம் முடிந்தது, எழும்பலாம் என்ற சத்தமாகக் கேட்க வேண்டும். அது ஏச்சினால் வராது. நபி (ஸல்) அவர்கள் நின்றது போல, பக்கத்தில் நிற்பதனால் வரும்.

அந்தத் தாயை மறுபடி சந்தித்தேன். மகன் விளையாட்டை விட்டுவிடவில்லை. சண்டையும் முற்றாக நிற்கவில்லை. ஆனால் ஒரு நாள் பின்னேரம் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லித் தரக் கேட்டாராம். முதலில் அவன் நம்பவில்லையாம். பிறகு கையைப் பிடித்து எந்த விரல் எங்கே என்று காட்டினானாம். "ஒரு நிமிஷத்துல செத்துட்டேன் ராத்தா. அவன் சிரிச்சான். எவ்வளவு நாளைக்குப் பிறகு சிரிச்சான் தெரியுமா?" என்றார். இப்போது மஃரிபுக்கு முன் சில நாட்களில் அவனாகவே, "உம்மா, இது கடைசி ஆட்டம்" என்று குரல் கொடுக்கிறானாம்.

எல்லா நாளும் அல்ல, சில நாட்களில்தான். அந்தச் சில நாட்களுக்காக அவர் அல்லாஹ்வைப் புகழ்ந்தார்.

இன்று பின்னேரம் நீங்களும் ஒரு கதிரையை இழுத்து உங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் போடுங்கள். அந்த இரண்டாவது துளை இன்னும் அடைபட்டுவிடவில்லை. நமது பிள்ளைகளின் நேரத்திலும், அவர்கள் மனதிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.